வரி ரீஃபண்டுக்கு முன்பணம் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், வருமான வரி ரீஃபண்ட். எப்போது வரும், வரும்வரை என்ன செய்வது, முன்னாலேயே தருகிறேன் என்கிறவரிடம் வாங்கலாமா என்று வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். மதுரையில் ஒரு பில்டருக்கு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். மாதம் 36,000 ரூபாய் பேச்சு. அதில் 10 சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு 32,400 தருகிறார்கள். வருடத்துக்கு 43,200 பிடித்தாகிவிட்டது. எங்கள் ஊரில் வரிக் கணக்கு (ரிட்டர்ன்) போட்டுக் கொடுக்கும் ஒருவர், "முழுசும் ரீஃபண்ட் வரும் தம்பி, ஆனால் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. நான் இப்பவே 34,000 தந்துடறேன், வந்ததும் அது எனக்கு. வட்டியே கிடையாது" என்கிறார். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஜூன் கடைசி வரைதான் தவணை. வாங்கலாமா மேடம்? அவர் எழுதிய பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர், திருமங்கலம்

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

உங்களுக்கு வர வேண்டியது 43,200. அவர் தருவது 34,000. நடுவில் போவது 9,200 ரூபாய். இதற்கு அவர் வட்டி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ரீஃபண்ட் ஐந்து வாரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 34,000 ரூபாயை 35 நாள் வைத்திருந்ததற்கு 9,200 கொடுக்கிறீர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மாதம் நூற்றுக்கு 23 ரூபாய் வட்டி. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றாலே நாம் யோசிப்போம், அஞ்சு வட்டி என்றால் எழுந்து வந்துவிடுவோம், பத்து வட்டிக்கு வாங்கியவர் குடும்பத்தைப் பற்றித் தெருவே கவலைப்படும். இது 23. வட்டி என்ற வார்த்தை இல்லாததால் கண்ணில் படாமல் போகிறது.

இதே 34,000-ஐ வங்கியில் நகைக் கடனாக வாங்கினால், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 35 நாளுக்கு வட்டி 326 ரூபாய். நகை மதிப்பீட்டுக் கூலி, இதர செலவு என்று இன்னும் சில நூறு போனாலும் ஆயிரத்தைத் தாண்டாது. வீட்டில் நகை வைக்க மனசு வராது என்று தெரியும், அதுவும் மனைவியின் நகை என்றால். ஆனால் ஐந்து வாரம் வங்கி லாக்கரில் இருந்துவிட்டு அப்படியே திரும்பி வரும் நகை அது. 9,200 திரும்பி வராது. நகையே வேண்டாம் என்றால் பள்ளியில் நேரில் போய், ரீஃபண்ட் வர வேண்டியிருக்கிறது, இரண்டு தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜூன் மாதம் அந்தக் கோரிக்கையோடு வரும் முதல் அப்பா நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

இனி அந்தப் பேப்பர். போட்டோவைப் பெரிதாக்கி மூன்று முறை படித்தேன். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு வரியில் தொகை. மூன்றாவது வரியில், 45 நாளுக்குள் ரீஃபண்ட் வராவிட்டால் அதன்பின் நூற்றுக்கு 5 ரூபாய் மாத வட்டி என்று இருக்கிறது. வட்டியே கிடையாது என்று வாயால் சொன்னவர் கையால் எழுதியது இது. நான்காவது வரியில் வரித் தளத்தின் பாஸ்வேர்டு, ஏடிஎம் கார்டு, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக், மூன்றும் ரீஃபண்ட் வரும்வரை அவர் கையில் இருக்க வேண்டும் என்கிறார். ஏன் கேட்கிறார் தெரியுமா? வரித் துறை ரீஃபண்டை அவருடைய கணக்குக்கு அனுப்பாது. பான் கார்டு யார் பெயரிலோ அவர் பெயரிலேயே இருக்கிற, வரித் தளத்தில் சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பும். அதனால் அந்தக் கணக்கையே அவர் பிடியில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். தொகை எழுதாத செக்கை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள் தம்பி, உறவாக இருந்தாலும் சரி. 34,000-க்குக் கொடுத்த செக் மூன்று லட்சமாக எழுதப்பட்டு வங்கியில் திரும்பிய கதையை நான் இந்த வேலையில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சின்னத் தொகையும் அவர் பக்கம் போகிறது. கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால், பிடித்த வரியைத் திருப்பித் தரும்போது அரசு மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி சேர்த்துத் தரும், ஏப்ரல் 1-லிருந்து கணக்கு. 43,200-க்கு நான்கு மாதம் என்றால் 864 ரூபாய். "ரீஃபண்ட் வந்ததும் அது எனக்கு" என்றால் இதுவும் சேர்ந்து அவருக்கு. (இந்த வட்டி அடுத்த வருடக் கணக்கில் உங்கள் வருமானம், அதைக் காட்ட மறக்காதீர்கள்.)

அவர் செய்யப்போகிற வேலைதான் என்ன? உங்கள் விஷயம் ரொம்ப எளிது. இன்ஜினியர் தொழிலுக்கு மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் வரவு 4,32,000. பாதி 2,16,000. வரியே கிடையாது. படிவம் ஐடிஆர்-4, சுகம் என்று பெயர். வரித் துறையின் தளத்தில் இலவசமாக நீங்களே போடலாம், தயக்கமாக இருந்தால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கூலி எவ்வளவு என்று முன்னாலேயே ரூபாயாகப் பேசிக்கொண்டு போடலாம். சதவீதக் கணக்கில் கூலி கேட்பவரிடம் போகாதீர்கள். படிவத்தில் நிரப்புகிற வேலை ஒன்றுதான், ரீஃபண்ட் பெரிதானால் அவர் உழைப்பு பெரிதாகிவிடாது.

போடுவதற்கு முன் 26ஏஎஸ் என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். பில்டர் பிடித்த 43,200-உம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா? ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததற்கான கணக்கை அவர்கள் மே கடைசி வரை தாக்கல் செய்யலாம் என்பதால் ஜூன் முதல் வாரத்தில் அது தெரியாமல் இருக்கலாம், அது தெரிந்த பிறகு போடுங்கள். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தால் உங்களுக்கு ரீஃபண்ட் தடைபடும், ஆனால் அந்த முத்திரைத்தாள்படி 46-வது நாளிலிருந்து அஞ்சு வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அந்த ஆபத்து முழுக்க உங்கள் தலையில்.

பான்-ஆதார் இணைப்பு இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ரீஃபண்ட் வராது. வங்கிக் கணக்கைத் தளத்தில் சரிபாருங்கள். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ரீஃபண்ட் வரவில்லையே என்று வருகிறவர்கள்தான் அதிகம். பெங்களூருவில் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மையம் அதைத் தொடுவதே உறுதி செய்த பிறகுதான். பழைய வருடத்தில் ஏதாவது வரி பாக்கி உங்கள் பெயரில் நின்றால் ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள், அதற்கு முன்னால் தகவல் வரும், பதில் சொல்ல அவகாசமும் உண்டு. சிக்கல் நீண்டால் மதுரை பீபீகுளத்தில் உள்ள வருமான வரி அலுவலகத்துக்கு நேரிலேயே போகலாம்.

அப்புறம் அடுத்த வருடம். உங்களுக்கு வரியே இல்லை என்று தெரிந்த பிறகும் மாதம் 3,600 பிடிபட வேண்டுமா? குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வரித் துறையிடம் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆன்லைனில்தான். கிடைத்தால் அதை பில்டரிடம் கொடுங்கள். கையில் வர வேண்டிய பணம் அந்தந்த மாதமே வந்துவிட்டால் ஜூன் மாதம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ஏஜென்டிடம் ரிட்டர்ன் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 60,000 ரூபாய் வரை வந்திருக்கிறது. ஏஜென்டுக்கு 20 சதவீதம். அவசரம் என்றவர்களுக்கு அவரே முன்பணமும் கொடுத்திருக்கிறார். கணவரும் போட்டுவிட்டார், போன வருடப் பணம் வந்தும் விட்டது. எங்களுக்குச் சொந்த வீடு, ஆனால் அந்தப் படிவத்தில் வாடகை கட்டுவதாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், செல்லூர்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் சகோதரி, ஆனால் சரிசெய்ய வழி இருக்கிறது. நீங்கள் அந்தப் படிவத்தை எடுத்துப் படித்தீர்களே, அதுவே பெரிய காரியம். பெரும்பாலானவர்கள் தன் பெயரில் என்ன தாக்கலாகியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

இந்த மாதிரி ஏஜென்ட்கள் செய்வது எப்போதும் ஒன்றுதான். கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, எடுக்காத கல்விக் கடன், இல்லாத மருத்துவக் காப்பீடு என்று படிவத்தில் நிரப்பி ரீஃபண்டைப் பெருக்குவார்கள். 2025 ஜூலை 14 அன்று வரித் துறை இதற்காகவே நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. ஆதாரம் சிக்கிய மாநிலங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. ஏஜென்ட்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, அதிலிருந்து மொத்தமாக ரிட்டர்ன் போட்டுவிட்டு, பிறகு அதை அப்படியே கைவிட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். விளைவு என்னவென்றால் நோட்டீஸ் அந்த முகவரிக்குப் போகும், அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், பதில் சொல்லும் காலம் முடிந்துவிடும். அதனால் இன்றைக்கே, இதைப் படித்து முடித்ததும், கணவரின் வரிக் கணக்கைத் திறந்து அதில் இருக்கும் மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

பணக் கணக்கைப் பாருங்கள். 60,000 ரீஃபண்ட், ஏஜென்டுக்கு 12,000, வீட்டுக்கு வந்தது 48,000. பொய் என்று முடிவானால் 60,000-ஐயும் திருப்பிக் கட்ட வேண்டும், ஏஜென்ட் எடுத்த 12,000-ஐயும் சேர்த்து. அதன் மேல் வட்டி. தெரிந்தே தவறாகக் காட்டியதற்கு அந்த வரியில் 200 சதவீதம் அபராதம் போட சட்டத்தில் இடம் உண்டு, அது 1,20,000. கையில் வாங்கிய 48,000-க்கு 1,80,000 ரூபாயும் வட்டியும். நோட்டீஸில் ஏஜென்ட் பெயர் இருக்காது. கணவர் பெயர்தான் இருக்கும்.

நோட்டீஸ் வரும் முன்னால் நீங்களே திருத்திவிடலாம். அந்த வருடத்துக்குத் திருத்திய ரிட்டர்ன் போடக் காலம் இருந்தால் அதைப் போடுங்கள். தாண்டிவிட்டால் புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை போடலாம். வரி, வட்டியோடு கூடுதலாக 25 சதவீதம் கட்ட வேண்டும், முதல் ஒரு ஆண்டு தாண்டினால் அது 50, 60, 70 என்று ஏறிக்கொண்டே போகும். அந்தச் சோதனைக்கு முந்தைய நான்கு மாதத்தில் 40,000 பேர் அளவில் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கணக்கைத் திரும்பப் பெற்றதாக அரசே அறிவித்தது. நீங்கள் மட்டும் தனியாக நிற்கவில்லை. கணவரின் நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மகள், மருமகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார்கள். பேத்தி அங்கேயே பிறந்தவள். ஆஸ்பத்திரி பில் கட்ட வேண்டியிருப்பதால் ஒரு வரிக் கடையில் ரீஃபண்ட் அட்வான்ஸ் 1,000 டாலர் வாங்கப் போவதாக மருமகன் சொல்கிறார். வட்டி பூஜ்யமாம். வட்டியில்லாமல் அந்நியர் கடன் கொடுப்பார்களா? பக்கத்து வீட்டுப் பையனும் அங்கே படிக்கிறான், அவனும் இதையே கேட்கிறான்.
— வாசகி, எல்லிஸ் நகர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது அம்மா. திருமங்கலத்துத் தம்பிக்கு ஒருவர் முத்திரைத்தாளில் எழுதித் தருவதை அங்கே பெரிய கம்பெனிகள் தொழிலாகவே நடத்துகின்றன. முன்பெல்லாம் அதை வட்டிக் கடனாகவே கொடுத்தார்கள். வரி செலுத்துபவரின் ரீஃபண்டில் பிடித்தம் ஏதும் இருக்கிறதா என்று கடன் கொடுப்பவருக்கு அமெரிக்க வரித் துறை தகவல் கொடுத்துவந்தது. அதை நிறுத்தப்போவதாக 2010-ல் அறிவித்தது. 2012-க்குப் பிறகு வங்கிகள் அந்தப் பழைய கடனிலிருந்து விலகிவிட்டன. அந்த இடத்தில் வந்ததுதான் வட்டி பூஜ்யம் என்கிற அட்வான்ஸ்.

பூஜ்யம் என்பது பெரும்பாலும் உண்மைதான். செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அட்வான்ஸ் வேண்டுமானால் அந்தக் கடையில்தான் வரி ரிட்டர்ன் போட வேண்டும், அதற்குக் கூலி உண்டு. குழந்தை, கூடுதல் படிவம் என்று சேர்ந்தால் அது பல நூறு டாலருக்குப் போகும். அந்தக் கூலியை இப்போது கையிலிருந்து தர வேண்டாம், ரீஃபண்டிலேயே கழித்துக்கொள்கிறோம் என்பார்கள், அப்படிக் கழிப்பதற்குத் தனிக் கட்டணம், 30, 40, 50 டாலர் என்று. பணத்தை ஒரு ப்ரீபெய்டு கார்டில் போட்டுக் கொடுத்தால் அதிலிருந்து எடுக்கும்போதும் கட்டணம் வரலாம். ஒரு கணக்குக்காக, கூலி 250, கழிக்கும் கட்டணம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ரிட்டர்னை இலவசமாகப் போட முடிந்தவருக்கு 1,000 டாலரை மூன்று வாரம் முன்னால் பார்த்ததற்கு 290 டாலர் போயிற்று. நூற்றுக்கு 29, மூன்றே வாரத்துக்கு.

மூன்று வாரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆன்லைனில் தாக்கல் செய்து வங்கிக் கணக்குக்கே ரீஃபண்ட் கேட்டால் பெரும்பாலானவற்றை 21 நாளுக்குள் அனுப்பிவிடுவதாக அமெரிக்க வரித் துறையே சொல்கிறது. குழந்தைக்கான வரிச் சலுகையில் ரொக்கமாகத் திரும்பி வரும் பகுதியைக் கேட்டிருந்தால் மட்டும் பிப்ரவரி நடுவுக்கு முன் தர மாட்டார்கள், 2015-ல் வந்த சட்டம் அப்படி. பேத்தி இருப்பதால் இது அவர்களுக்குப் பொருந்துமா என்று மருமகன் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் விளம்பரங்கள் ஜனவரியில் குவிவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, 1,000 டாலர் உறுதியா? கடன் கொடுப்பது கடை அல்ல, அதன் பின்னால் இருக்கும் வங்கி. அது 250 டாலர்தான் தருவேன் என்றால் அல்லது மறுத்துவிட்டால், அதற்குள் ரிட்டர்னும் போட்டாகிவிட்டது, கூலியும் ஏறிவிட்டது. இரண்டாவது, இது வட்டியில்லாத வகைதானா? ரிட்டர்ன் போடும் பருவம் தொடங்கும் முன்பே தரும் கடன் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆண்டுக்கு 35 சதவீதத்தை ஒட்டி வட்டி வாங்குகிறார்கள். ரீஃபண்ட் குறைவாக வந்தால் மீதி யார் தலையில் என்பதும் வகைக்கு வகை மாறும், அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி பில் என்றீர்கள். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் கேட்டால் மாதத் தவணை போட்டுத் தருகின்றன, வட்டி இல்லாமலும் தருவதுண்டு. முதலில் பில் அனுப்பிய இடத்துக்கே மருமகனை போன் செய்யச் சொல்லுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக ரிட்டர்ன் போட்டுத் தரும் மையங்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. வரித் துறை வழியாகவே இலவச மென்பொருளும் உண்டு, 2024-ஆம் வருடக் கணக்குக்கு 84,000 டாலர் வரை வருமானம் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்த முடிந்தது. ஒவ்வொரு வருடமும் பெரிய ரீஃபண்ட் வருகிறது என்றால் சம்பளத்தில் அளவுக்கு மேல் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். டபிள்யூ-4 என்ற படிவத்தைத் திருத்தி அலுவலகத்தில் கொடுத்தால் மாதச் சம்பளமே கூடும்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மாணவர் விசாவில் போனவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடத்துக்கு வரிக் கணக்கில் அந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்பட மாட்டார்கள். அவர்களுக்குப் படிவமே வேறு, 1040-என்ஆர். அட்வான்ஸ் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு கடையில் நுழைந்து, அங்கே உள்ளவர் தெரியாமலோ தெரிந்தோ சாதாரண 1040 படிவத்தைப் போட்டு, அவனுக்கு உரிமையில்லாத சலுகையை எல்லாம் சேர்த்துவிட்டால் ரீஃபண்ட் பெரிதாகத்தான் தெரியும். திருப்பிக் கட்டும் நாளும் வரும், பிற்காலத்தில் குடியேற்ற விண்ணப்பத்திலும் அது கேள்வியாக நிற்கலாம். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கும், அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரீஃபண்ட் வரும்வரை சமாளிக்க செல்போன் ஆப்பில் 10,000 கேட்டேன். கையில் வந்தது 8,200. பதினைந்தாம் நாள் 10,000 கட்டச் சொல்கிறார்கள். இது முறையா?
— வாசகர், மேலூர்

பதில்: முறையில்லை. என் அப்பா கீழமாசி வீதியில் சின்னக் கடை வைத்திருந்தார். தண்டல்காரர் 10,000 என்று நோட்டில் எழுதி 9,000-ஐ எண்ணி வைப்பார். நாளைக்கு 100 வீதம் நூறு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அப்பா கல்லாவைத் திறந்து எண்ண ஆரம்பிப்பார், வியாபாரம் ஆகாத நாளில் அம்மா அஞ்சறைப்பெட்டியைத் திறப்பாள். அந்தத் தண்டலைக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டும். உங்கள் ஆப் 8,200-க்குப் பதினைந்தே நாளில் 1,800 கேட்கிறது, நூற்றுக்கு 22, இரண்டு வாரத்தில். தண்டலை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அந்தத் தண்டலையும் மீட்டர் வட்டி, கந்துவட்டியையும் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஆப் வழியாகக் கடன் கொடுப்பவர் அதன்கீழ் பதிவான வங்கியாகவோ நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே தாளில் காட்ட வேண்டும். உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது. கடன் வேண்டாம் என்று தோன்றினால், அவர்கள் குறித்த அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டி விலகிக்கொள்ளலாம். உங்களுக்கு அந்தத் தாள் வந்ததா என்று பாருங்கள், கொடுத்தவர் பெயர் என்ன என்று பாருங்கள். பெயரே இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் புகார் கொடுங்கள், 14448 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். படத்தை மாற்றி அனுப்புவேன், உறவினருக்குப் போன் செய்வேன் என்று மிரட்டினால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். மிரட்டல் வந்ததை வீட்டில் மறைக்காதீர்கள். மறைக்க மறைக்கத்தான் அவர்கள் மிரட்டலுக்குப் பலம் கூடுகிறது.

கேள்வி: "உங்கள் ரீஃபண்ட் 15,490 ரூபாய் அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண்ணைச் சரிபார்க்கவும்" என்று லிங்கோடு மெசேஜ் வந்தது.
— வாசகி, வாடிப்பட்டி

பதில்: தொடாதீர்கள். பொய் என்று அரசே மறுத்த மெசேஜ் அது. வரித் துறை லிங்க் அனுப்பிக் கணக்கு எண்ணோ ஓடிபியோ கேட்காது. தொட்டுப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930.

கேள்வி: சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வைத்து மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டிலிருந்து லோடு அடிக்கிறேன். ஒரு கம்பெனி வாடகையில் ஒவ்வொரு பில்லிலும் 1 சதவீதம் பிடிக்கிறது. வருடக் கடைசியில் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 1,500 கேட்கிறார்.
— வாசகர், சோழவந்தான்

பதில்: உங்களுக்குப் பிடிக்கவே வேண்டியதில்லை அண்ணே. பத்து சரக்கு வண்டி வரை வைத்திருக்கிறவர், என்னிடம் பத்துக்கு மேல் வண்டி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பான் எண்ணோடு கம்பெனியில் கொடுத்துவிட்டால் லோடு வாடகையில் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது. ஒரு பக்கக் கடிதம்தான். வண்டியின் ஆர்சி நகலையும் சேர்த்துக் கொடுங்கள், கொடுத்ததற்கு இன்னொரு நகலில் கம்பெனி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் வாரத்தில், முதல் லோடு பில் போடும் முன்னால் புதிதாக ஒன்று கொடுத்துவிடுங்கள். இந்த வருடம் இதுவரை பிடித்ததற்கு மட்டும் ரிட்டர்ன் போட வேண்டும். பிடித்த தொகை மொத்தம் எவ்வளவு என்று கடிதத்தில் எழுதவில்லை. 26ஏஎஸ் பார்த்துவிட்டு அந்தத் தொகையை எனக்கு எழுதுங்கள், அது 1,500-க்கு மேலாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த இதழில் சொல்கிறேன்.